தடுப்பு குஞ்சுப் பெட்டியிலேயே தொடங்குகிறது: முட்டைக்கோழிகளும் சல்மொனெல்லாவும்

அரிப்பில் முட்டைக்கோழி வளர்க்கும் பெண்களோடு பேசியபோது நான் அடிக்கடி கேட்டது, “சும்மாதான் செத்தது” என்ற பதில். நேற்றுவரை தீன் தின்று முட்டையிட்ட கோழி காலையில் கூட்டுக்குள் விறைத்துக் கிடக்கும். ஒருவர் வெயில் என்பார். இன்னொருவர் கண்ணூறு என்பார். மூன்றாமவர் இராணிக்கெற் நோய் என்பார். இவற்றில் சில சரியாகவும் இருக்கலாம். ஆனால் நான் பேசியவர்களில் எவரும் இறந்த கோழி ஒன்றையேனும் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கவில்லை. அதனால் காரணம் தெரியாமலே போகிறது. அடுத்த தொகுதிக் குஞ்சும் அதே கூட்டுக்குள் வந்து இறங்குகிறது.

முட்டைக்கோழிகள் இப்படி இறப்பதற்கான காரணங்களில் ஒன்று சல்மொனெல்லா என்ற பற்றீரியா. கோழியைக் கொல்லாமல், முட்டை வழியாக மனிதரை நோயாளியாக்குவதும் இதே குடும்பத்துக் கிருமிதான். இது எங்கிருந்து வருகிறது, ஐம்பது கோழி வைத்திருக்கும் ஒரு வீடு இதை எப்படித் தடுக்கலாம், எதை வீட்டால் தடுக்க முடியாது என்பவற்றை இந்தக் கட்டுரையில் ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

ஐம்பது கோழி என்றால் என்ன?

அரிப்பு, மன்னார்த் தீவுக்குத் தெற்கே, முசலிப் பிரதேசத்தில் உள்ள கரையோரக் கிராமம். 1990 இல் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், 2007 இல் சிலாவத்துறைப் பக்கம் படை நடவடிக்கை நடந்தபோதும் இந்தக் கரையோரம் வெறுமையாகியது. திரும்பி வந்தவர்களுக்குக் கடல் இருந்தது. ஆனால் கடலுக்குப் போக ஆண் துணை இல்லாத வீடுகளும் இருந்தன. போருக்குப் பின்னர் வடக்கு முழுவதும் அப்படியான குடும்பங்களுக்கு ‘வாழ்வாதார உதவி’ என்ற பெயரில் அதிகம் கொடுக்கப்பட்டவற்றில் கோழியும் ஒன்று. நிலம் தேவையில்லை, பிள்ளைகளை விட்டுத் தூரம் போகத் தேவையில்லை, முட்டைக்கு எப்போதும் ஆள் இருக்கும் என்பதுதான் அதன் நியாயம்.

கணக்கைப் பார்த்தால் அந்த நியாயம் எவ்வளவு மெல்லியது என்பது புரியும். முட்டைக்கோழி ஒன்று இட ஆரம்பிக்க 18 முதல் 20 வாரம் வரை ஆகும். அதுவரை வருமானம் இல்லை, தீன் செலவு மட்டும்தான். இடத் தொடங்கிய கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீன் தின்னும். ஐம்பது கோழிக்கு ஐந்தரைக் கிலோ. நன்றாக இடும் காலத்தில் ஐம்பதில் நாற்பது முட்டை கிடைக்கும். 2022 ஓகஸ்ட்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா என்று உச்ச விலை நிர்ணயித்திருந்தது. அந்த விலைக்கு விற்றால் நாளுக்கு 1,720 ரூபா. அதில் தீனுக்குப் போக மிஞ்சுவதுதான் குடும்பத்துக்கு. இதில் பத்துக் கோழி செத்தால் இலாபம் போய்விடும். இருபது செத்தால், கிழமைக்குக் கிழமை கட்டும் கடனுக்கு வேறு வழி தேட வேண்டும். ஆகவே இங்கு கோழி நோய் என்பது நேரடியாக வீட்டுப் பொருளாதாரப் பிரச்சினை.

ஒரே பெயர், இரண்டு வேலை

1885 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் தியோபால்ட் சிமித் என்ற ஆய்வாளர் பன்றிகளில் இருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அவருடைய பிரிவின் தலைவராக இருந்த டானியல் சல்மன் என்ற கால்நடை வைத்தியரின் பெயரே பின்னர் அந்தக் குடும்பத்துக்கு நிலைத்தது. ரின்னில் வரும் சமன் மீனுக்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. இன்று இதில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. கோழி வளர்ப்பவர் அத்தனையையும் அறிய வேண்டியதில்லை. இரண்டு கூட்டமாகப் பிரித்துப் புரிந்துகொண்டால் போதும்.

முதற் கூட்டம் கோழிக்கு நோய் தருவது. சல்மொனெல்லா புல்லோரம் என்ற வகை குஞ்சுகளைத் தாக்கும். பொரித்து முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து நிற்கும், சிறகு தொங்கும், வெள்ளையாகக் கழியும், பின்பக்கத்தில் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இதை வெள்ளைக் கழிச்சல் என்கிறார்கள். சல்மொனெல்லா கல்லினாரம் என்ற வகை வளர்ந்த கோழியையும் விடாது. கொண்டை வெளிறும், தீன் எடுக்காது, மஞ்சள் பச்சையாகக் கழியும், திடீரென்று சாகும். வெட்டிப் பார்த்தால் ஈரல் வீங்கி வெண்கல நிறமாக இருக்கும். வெள்ளை முட்டையிடும் லெகோன் இனங்களைவிட, சிவப்பு முட்டையிடும் கோழிகள் இதற்கு இலகுவில் இரையாகின்றன.

ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது நோயைக் கோழி டைபோயிட் என்று சொல்வதால் ஒரு குழப்பம் வருகிறது. மனிதருக்கு வரும் நெருப்புக்காய்ச்சல் வேறு. அதைத் தருவது இதே குடும்பத்தின் இன்னொரு வகை. அது மனிதரில் இருந்து மனிதருக்கு அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவது. கோழியில் இருந்து நெருப்புக்காய்ச்சல் வராது.

இரண்டாவது கூட்டம் மனிதருக்கு நோய் தருவது. என்ரெரிற்றிடிஸ், ரைபிமியூரியம் என்ற இரண்டு வகைகள் முக்கியமானவை. இவை பெரும்பாலும் வளர்ந்த கோழியை நோயாளியாக்குவதில்லை. கோழி தீன் தின்னும், முட்டையிடும், கொண்டை சிவப்பாக இருக்கும். ஆனால் குடலில் கிருமி இருக்கும். என்ரெரிற்றிடிஸ் வகை இன்னும் ஒருபடி மேலே போய்க் கோழியின் சூலகத்திலும் முட்டைக் குழாயிலும் தங்கி, ஓடு உருவாகும் முன்னரே முட்டைக்குள் நுழைந்துவிடும். அந்த முட்டையின் ஓடு சுத்தமாக இருக்கும், வாசனையும் மாறாது.

எல்லாத் தடுப்பு முறைகளும் இந்த ஒரு உண்மையில் இருந்துதான் தொடங்குகின்றன: நோயைக் கடத்தும் கோழி நல்ல கோழி போலவே இருக்கும். முதற் கூட்டத்து நோயில் பிழைத்த கோழியும் அப்படித்தான். பிழைத்துவிட்டது என்று நாம் சந்தோசப்படும் அந்தக் கோழி கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு, தன் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். ஆகவே நோய் தெரிந்த பிறகு மருந்து தேடுவது இந்தக் கிருமியிடம் எடுபடாது. கிருமி உள்ளே வரும் வழிகளை முன்கூட்டியே அடைப்பதுதான் வழி.

முதல் வழி: குஞ்சு

தாய்க்கோழியிடம் கிருமி இருந்தால் முட்டையிலும் இருக்கும், முட்டையில் இருந்தால் குஞ்சிலும் இருக்கும். பொரிப்பகத்தின் ஒரே இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும்போது, நோயுள்ள ஒரு குஞ்சின் பஞ்சுச் சிறகுத் தூசி மற்றக் குஞ்சுகளுக்கும் போகிறது. அரிப்பில் வந்து இறங்கும் பெட்டிக்குள் அது ஏற்கெனவே இருக்கலாம்.

இதைத் தடுக்கும் முறை பழையது, மலிவானது. தாய்க்கோழியின் இரத்தத்தில் ஒரு துளி எடுத்து, நிறமூட்டிய சோதனைத் திரவத்தின் ஒரு துளியோடு வெள்ளை ஓட்டில் கலக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் திரிதிரியாகக் கட்டினால் அந்தக் கோழி சந்தேகத்துக்குரியது. அமெரிக்காவில் 1935 இல் தொடங்கிய தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் இந்தச் சோதனையைத் தாய்க்கோழிப் பண்ணைகளில் திரும்பத் திரும்பச் செய்து, பிடிபட்ட கோழிகளை நீக்கியது. ஒரு காலத்தில் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போன வெள்ளைக் கழிச்சல் அங்கு வர்த்தகப் பண்ணைகளில் இருந்தே இல்லாமற்போனது. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளும் இந்த வழியால்தான் அதை ஒழித்தன. தெற்காசியாவில் நோய் இன்னும் இருக்கிறது.

வாங்குபவர் இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டும். தாய்க்கோழிப் பண்ணை புல்லோரம் சோதனை செய்யப்பட்டதா? குஞ்சுகளுக்கு இதுவரை எந்தத் தடுப்பூசிகள் எந்தத் திகதியில் போடப்பட்டன? பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாத வியாபாரியின் குஞ்சு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது மலிவு அல்ல.

ஆனால் உதவியாக வரும் குஞ்சுக்கு இந்தக் கேள்வியை யார் கேட்பது? அரிப்பில் ஒரு அக்கா சொன்னது: “தாறதுக்கு நாங்கள் என்ன தம்பி கேக்கிறது? பட்டியலில பேர் வந்ததே பெரிய காரியம்.” அவர் சொல்வது நியாயம். கேட்க வேண்டியது கொடுப்பவர்கள். குஞ்சு கொள்வனவுக்கு விலைமனு கோரும் நிறுவனமும் திணைக்களமும் விலையோடு சோதனைச் சான்றையும் கட்டாயமாகக் கேட்டால், அந்தச் செலவு பெரிய பண்ணைக்குப் போகும். கேட்காவிட்டால் அது ஐம்பது கோழி வைத்திருக்கும் பெண்ணின் தலையில் விழும். இப்போது நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

குஞ்சு பற்றி இன்னொரு விடயம். ஊர்க்கோழிக் குஞ்சு தாயின் பின்னால் திரிந்து கிண்டித் தின்னும்போது, தாயின் குடலில் உள்ள நல்ல பற்றீரியாக்களையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. பொரிப்பகக் குஞ்சுக்குத் தாய் இல்லை. அதன் குடல் வெற்று வீடு போன்றது, முதலில் வருபவர் குடியேறிவிடுவார். 1973 இல் பின்லாந்தில் நூர்மி, ரந்தாலா என்ற இரு ஆய்வாளர்கள், ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களை ஒருநாள் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சல்மொனெல்லா குடியேறுவது குறைகிறது என்று காட்டினார்கள். பல நாடுகளில் இன்று பரிசோதிக்கப்பட்ட தயாரிப்புகளாக இவை கிடைக்கின்றன. அதற்காகப் புதிய குஞ்சுகளை வீட்டு ஊர்க்கோழிகளோடு சேர்த்து விடக்கூடாது. அந்த ஊர்க்கோழிகளில் ஒன்று நோயில் பிழைத்த கோழியாக இருக்கலாம்.

இரண்டாவது வழி: தீன்

மீன்பிடிக் கிராமத்தில் கோழிக்கு மீன் கழிவும் கருவாட்டுத் தூளும் போடுவது இயல்பு. புரதம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் உலகத்தில் சல்மொனெல்லா ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குப் பாய்ந்த பெரிய சம்பவங்களில் ஒன்று மீன்தூளால்தான் நடந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா, பிரித்தானியா, நெதர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் அதுவரை அரிதாக இருந்த சல்மொனெல்லா அகோனா என்ற வகை மனிதரில் திடீரெனப் பெருகியது. தேடிப் பார்த்தபோது, கோழித்தீனில் சேர்ப்பதற்காகப் பெருவில் இருந்து இறக்குமதியான மீன்தூளே அதற்கு மூலம் என்று தெரிந்தது. மீன் தீனானது, தீன் கோழிக்குப் போனது, கோழி மேசைக்கு வந்தது.

மீன்துண்டுகளைப் போடவே கூடாது என்பதல்ல இதன் பொருள். மணலில் காயவைத்து, காகமும் நாயும் மிதித்த கழிவைப் பச்சையாகப் போடக்கூடாது. நன்றாக அவித்து, அன்றைக்கே கொடுத்து, மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். கடையில் வாங்கும் தீனை நிலத்தில் வைக்காமல் பலகை மேல், மூடியுள்ள பீப்பாவில் வைக்க வேண்டும். நனைந்து கட்டிபட்ட தீனைக் காயவைத்துத் திரும்பவும் போடக்கூடாது.

தீன் குறைவதும் ஆபத்து. கோழியைப் பட்டினி போட்டால் அதன் எதிர்ப்புச் சக்தி குறைந்து, குடலில் ஒடுங்கியிருந்த கிருமி பெருகி எச்சத்தில் அதிகமாக வெளியேறும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து சோள விளைச்சல் விழுந்து, 2022 இல் டொலர் இல்லாமல் தீன் மூலப்பொருள் இறக்குமதியும் சுருங்கியபோது, தீனை அரைவயிறாக்கியவர்கள் பலர். வேறு வழி இருக்கவில்லை. அப்படியான நெருக்கடியில் எல்லாக் கோழிக்கும் அரைவயிறு கொடுப்பதைவிட, இடாத கோழிகளைக் கழித்து மிச்சத்துக்கு முழுத் தீன் கொடுப்பது நல்லது.

மூன்றாவது வழி: எலி

என்ரெரிற்றிடிஸ் வகை ஒரு கோழிக்கூட்டில் நிலைத்திருக்க எலிதான் பெரிய காரணம். தொற்றுள்ள சுண்டெலியின் ஒரே ஒரு புழுக்கையில் ஒரு இலட்சம் வரை கிருமிகள் இருக்கலாம் என்று அமெரிக்கப் பண்ணைகளில் செய்த ஆய்வு காட்டியது. அந்தப் புழுக்கை தீன் தொட்டிக்குள் விழுகிறது. கோழிக்கு அது தீனோடு தீன். பழைய கோழிகளை விற்று, கூட்டைக் கழுவி, புதிய குஞ்சு விட்டாலும், சுவர் ஓட்டைக்குள் இருக்கும் எலி பழைய கிருமியைப் புதிய குஞ்சுக்குக் கொடுக்கும்.

அரிப்பில் நான் பார்த்த கூடுகள் பலவற்றின் பக்கங்கள் பழைய மீன்வலையால் மறைக்கப்பட்டிருந்தன. கோழி வெளியே போகாமல் அது தடுக்கும், எலி உள்ளே வராமல் தடுக்காது. கூட்டின் அடிப்பாகத்துக்கு மட்டுமாவது அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போட வேண்டும். பெரிய எலியை அது நிறுத்தும். சுண்டெலிக்கு அதனிலும் சிறிய கண் வேண்டும். கூட்டைச் சுற்றி ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல், விறகு, பழைய வலைக் குவியல் எதுவும் இல்லாமல் துப்புரவாக வைத்திருப்பது செலவில்லாத வேலை, பலன் பெரியது. இரவில் தீனைத் தொட்டியில் விட்டு வைக்கக்கூடாது. கூட்டு மரத்தின் இடுக்குகளில் பகலில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் செள்ளும் கிருமியைக் காவும், அதையும் கவனிக்க வேண்டும்.

இது சின்ன வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. 2010 இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இரண்டு பெரிய பண்ணைகளின் 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் சந்தையில் இருந்து திருப்பி எடுக்கப்பட்டன. 1,900க்கும் மேற்பட்டோர் நோயுற்றது பதிவாகியது. பரிசோதகர்கள் உள்ளே போனபோது கண்டவை எலி, ஈ, குவிந்து கிடந்த எரு. ஒரு பண்ணையின் பொறுப்பில் இருந்த தந்தைக்கும் மகனுக்கும் 2015 இல் மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. பணம் இருந்தும் எலியைக் கவனிக்காததன் விலை அது.

நான்காவது வழி: நீர், கூளம், கால்

கரையோரக் கிணறுகளில் நீர் உவர். நல்ல நீர் தூரத்தில் இருந்து வருவதால் கோழிக்கு வைத்த நீரை நாள்கணக்கில் மாற்றாமல் விடுவது நடக்கிறது. நீர்த்தொட்டிக்குள் எச்சம் விழுந்தால் ஒரு கோழியின் கிருமி அன்றைக்கே எல்லாக் கோழிக்கும் போய்விடும். தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி, குளோரின் இட்ட நீர் வைக்க வேண்டும். எவ்வளவு குளோரின் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். ஒரு கவனம்: நீரில் கலந்து தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் குளோரின் சேர்க்கக்கூடாது, அது மருந்தையும் கொன்றுவிடும்.

காய்ந்த எச்சத்திலும் தூசியிலும் சல்மொனெல்லா ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே ஒரு தொகுதி முடிந்தால் கூளம் முழுவதையும் அகற்றி, முதலில் சவர்க்கார நீரால் கழுவி, காய்ந்த பிறகு கிருமிநீக்கி தெளித்து, சுண்ணாம்பு பூசி, குறைந்தது இரண்டு கிழமை கூட்டை வெறுமையாக விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநீக்கி வேலை செய்யாது. செத்த கோழிக்குப் பதிலாக இரண்டு மூன்று புதிய கோழிகளை வாங்கி உள்ளே விடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். ஒரு தொகுதி ஒன்றாக வரட்டும், ஒன்றாகப் போகட்டும்.

காகமும் கடற்பறவையும் இந்தக் கிருமியைக் காவக்கூடியவை. கூரையிலும் வலையிலும் ஓட்டை இல்லாமல் பார்ப்பது அதற்காகத்தான். முட்டை வியாபாரி ஊர் ஊராகக் கொண்டு திரியும் பழைய முட்டை மட்டையைக் கூட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது. கூட்டுக்கென்று ஒரு சோடிச் செருப்பை வாசலில் வையுங்கள்.

தடுப்பூசி எவ்வளவு தூரம் உதவும்?

1988 டிசம்பரில் பிரித்தானியாவின் சுகாதாரத் துணை அமைச்சர் எட்வினா கறி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சல்மொனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். முட்டை விற்பனை பாதிக்கு மேல் சரிந்தது, இலட்சக்கணக்கான கோழிகள் கொல்லப்பட்டன, இரண்டு கிழமைக்குள் அவர் பதவி விலகினார். சொன்ன அளவு மிகை என்றாலும் பிரச்சினை உண்மையாக இருந்தது. 1998 இல் முட்டையில் சிங்க முத்திரை குத்தும் திட்டம் தொடங்கி, அதில் சேரும் பண்ணைகள் கோழிகளுக்குக் கட்டாயம் தடுப்பூசி போட வேண்டும் என்றானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முட்டையோடு தொடர்புடைய முக்கிய வகையால் 1993 இல் 18,000ஐத் தாண்டியிருந்த நோயாளர் எண்ணிக்கை, 2010 அளவில் சில நூறாகக் குறைந்தது. 2017 இல், அந்த முத்திரையுள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காடாகக்கூட உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகவரகம் அறிவித்தது.

தடுப்பூசி மட்டும் இதைச் செய்யவில்லை. தாய்ப்பண்ணைச் சோதனை, எலிக் கட்டுப்பாடு, முட்டையில் திகதி, எந்தப் பண்ணை முட்டை என்று கண்டுபிடிக்கும் முறை எல்லாம் சேர்ந்து செய்தன. கோழி டைபோயிட்டுக்கு 9ஆர் என்ற உயிர்த் தடுப்பூசி 1950களில் இருந்தே பல நாடுகளில் பயன்படுகிறது. அது சாவைக் குறைக்கும், தொற்றை முற்றாக நிறுத்தாது. தடுப்பூசி போட்ட கோழி இரத்தச் சோதனையில் நோயுள்ளதுபோலக் காட்டவும் கூடும். அதனால் எந்தத் தடுப்பூசி, எப்போது என்பதைக் கால்நடை வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும்.

அன்ரிபயோட்டிக் தீர்வு அல்ல. மருந்துக் கடையில் வாங்கி நீரில் கலந்தால் சாவு நிற்பதுபோலத் தெரியும். பிழைத்த கோழி கிருமியைக் காவிக்கொண்டே இருக்கும். மருந்தின் மிச்சம் முட்டையில் வரும். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும், அது மனிதருக்கு வந்தால் வைத்தியசாலையில் கொடுக்கும் மருந்தும் பலிக்காது போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் கோழிகளில் சல்மொனெல்லாவைக் கட்டுப்படுத்தும் முறையாக அன்ரிபயோட்டிக் பயன்படுத்துவதைச் சட்டத்தாலேயே தடுத்துள்ளது.

முட்டை சட்டிக்குப் போகும்வரை

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இட்ட முட்டை ஆறும்போது உள்ளே சுருங்கி, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக வெளியில் உள்ளதை உறிஞ்சும். அந்த நேரத்தில் முட்டை எச்சத்தில் கிடந்தால் கிருமியும் உள்ளே போகும். ஆகவே முட்டைப் பெட்டியில் சுத்தமான கூளம் போட்டு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை முட்டை எடுக்க வேண்டும். அழுக்கு முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் படலம் கரைந்து, கிருமி உள்ளே போக வழி திறக்கும். காய்ந்த துணியால் துடையுங்கள். அதிகம் அழுக்கானதையும் வெடித்ததையும் விற்காதீர்கள்.

முட்டைக்குள் கிருமி போனாலும் முதலில் எண்ணிக்கை குறைவுதான். மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள மெல்லிய தோல் அதற்குச் சத்துக் கிடைக்காமல் காக்கும். வெப்பத்தில் வைத்தால் அந்தத் தோல் விரைவில் தளரும், கிருமி பெருகும். மன்னார் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கிழமை இருந்த முட்டையும், நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள் இருந்த முட்டையும் ஒன்றல்ல. குளிரூட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வைத்து, பழையதை முதலில் விற்க வேண்டும்.

பயந்து முட்டையை நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு மதிப்பீடு, 20,000 முட்டையில் ஒன்றில்தான் உள்ளே கிருமி இருக்கும் என்றது. முட்டையின் வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வேகவைத்தால் சல்மொனெல்லா செத்துவிடும். ஆபத்து பச்சை முட்டையிலும் அரைவேக்காட்டிலும்தான். இருமலுக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் பச்சை முட்டை குடிக்கக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர், சலரோகம் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். தொற்றினால் ஆறு மணித்தியாலத்தில் இருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுக்குத்து, வயிற்றோட்டம் வரும். பெரும்பாலானோருக்கு ஒரு கிழமைக்குள் மாறும். ஜீவனி கரைத்துக் கொடுங்கள். குழந்தை சோர்ந்தாலோ, இரத்தமாகப் போனாலோ வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்க வேண்டாம்.

2023 மார்ச்சில், விலையேற்றத்தைச் சமாளிக்க இந்தியாவில் இருந்து முதல் தொகுதியாக 20 இலட்சம் முட்டைகள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தபோது, மாதிரிகள் சோதிக்கப்பட்ட பின்னரே விடுவிக்கப்பட்டன. பேக்கரிகளுக்கும் உணவுத் தயாரிப்புக்குமே அவை கொடுக்கப்பட்டன. இறக்குமதி முட்டைக்கு அரசு காட்டிய கவனம் உள்ளூர்க் குஞ்சுப் பெட்டிக்கும் வர வேண்டும்.

கோழிகள் தொடர்ந்து சாகும்போது

ஒன்றுக்கு மேற்பட்ட கோழி ஒரே கிழமையில் செத்தால் முட்டை விற்பனையை நிறுத்துங்கள். மற்றக் கோழிகளை அவசரமாக விற்காதீர்கள், அது நோயை அடுத்த வீட்டுக்கு விற்பதாகும். அன்றைக்குச் செத்த கோழியை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, முடிந்தால் ஐஸ் வைத்து, உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்து கொடுப்பதற்கு முன்னரே கொண்டுபோனால்தான் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். தேவையென்றால் மாதிரி கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் வரை போகும். மற்றவற்றை ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஆற்றிலோ கடற்கரையிலோ எறிய வேண்டாம். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் கால்நடை நோய்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. அந்த அதிகாரம் பயன்பட வேண்டுமென்றால் முதலில் சாவு பதிவாக வேண்டும்.

கூட்டைத் துப்புரவாக வைத்திருப்பது, எலியை அடைப்பது, முட்டையை நிழலில் வைப்பது வீட்டுக்காரரின் வேலை. நான் சந்தித்த பெண்கள் சொல்லிக் கொடுத்தால் செய்யக்கூடியவர்கள். தாய்க்கோழியைச் சோதிப்பது, சான்றுள்ள குஞ்சை மட்டும் விநியோகிப்பது, கொடுத்த மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் வந்து பார்ப்பது, செத்த கோழியை இலகுவாகக் கொடுக்கக்கூடிய இடமொன்றைக் கிராமத்துக்குக் கிட்ட வைப்பது இவர்களுடைய வேலை அல்ல. அவை திணைக்களத்தின், மாகாண நிர்வாகத்தின், உதவி வழங்கும் நிறுவனங்களின் வேலை. அடுத்த முறை உங்கள் ஊரில் கோழிக்குஞ்சு விநியோகத்துக்குக் கூட்டம் வைத்தால், கையொப்பம் இடுவதற்கு முன்னர் எல்லோரும் சேர்ந்து அந்தப் பண்ணையின் சோதனைச் சான்றைக் கேளுங்கள். ஒருவர் தனியே கேட்டால் பட்டியலில் பெயர் போய்விடுமோ என்ற பயம் வரும். முப்பது பேர் சேர்ந்து கேட்டால் அந்தப் பயம் இருக்காது.